ஒன்பதாம் மாத ஊசி: இப்போது போடுவதா, தள்ளிப்போடுவதா?

மணப்பாறைக்காரன்:
என் மகளுக்கு அடுத்த வாரம் ஒன்பது மாதம் முடிகிறது. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வரச்சொல்லி செவிலியர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். எம்.ஆர். ஊசி, அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடுவது. முந்தாநாள் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. டாக்டர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் நாலு நிமிடம் பேசுகிறார். இந்த ஊசியால் ஆட்டிசம் வருமாம், பெண் குழந்தைகளுக்குப் பின்னாளில் கரு தங்காதாம், திருவள்ளூரில் குழந்தைகள் செத்ததை மூடி மறைத்துவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் "இப்போ என்ன அவசரம், பிள்ளை நடக்க ஆரம்பிக்கட்டும்" என்கிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி:
உங்கள் மாமியார் சொல்வதைக் கேளுங்கள். நான் என் இரண்டாவது பையனுக்கு இந்த ஊசி போடவில்லை, நன்றாக இருக்கிறான். தட்டம்மை, அதாவது மணல்வாரி அம்மை, நம் ஊருக்குப் புதிதா? என் ஆத்தா காலத்தில் வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, குழந்தையைத் தனியாகப் படுக்க வைத்து, இளநீரும் மோர்ச்சோறும் கொடுத்தால் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். 2017 பிப்ரவரியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வந்து இதே ஊசியைப் போட்டார்களே, எத்தனை பெற்றோரிடம் ஒழுங்காக விளக்கிச் சொன்னார்கள்? என் மூத்தவன் இடது கட்டைவிரலில் மையோடு வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கே தெரியும். அன்றைக்கு விட்டுப்போன நம்பிக்கை எனக்குத் திரும்பவில்லை. திருவள்ளூர் விஷயம் பொய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காவிரிக்கரை:
திருவள்ளூர் பொய் இல்லைதான். 2008 ஏப்ரலில் அந்த மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. ஆனால் மறைக்கப்பட்டது என்பது தவறு. எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதை நிறுத்திவிட்டு, மருத்துவர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழைத்துப் போடும் ஏற்பாடு வந்தது.

ஆட்டிசம் கதை எங்கிருந்து கிளம்பியது என்றும் சொல்கிறேன். 1998இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஊசிக் கம்பெனிகள்மீது வழக்குப் போட இருந்த வக்கீல்களிடம் அவர் பணம் வாங்கியிருந்தது பிறகு வெளியே வந்தது. 2010இல் இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வருடம் அவர் பெயர் மருத்துவர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. 12 குழந்தைக் கட்டுரை இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் கழித்து மணப்பாறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது, ஆறரை லட்சம் குழந்தை ஆய்வு வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

வேப்பமரத்தடி:
ஆய்வு, இதழ் எல்லாம் சரி. கோவிஷீல்டில் ரத்தம் உறையும் என்று நாங்கள் சொன்னபோது வதந்தி என்றார்கள். 2024இல் கம்பெனியே லண்டன் நீதிமன்றத்தில் மிக அரிதாக அப்படி நடக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் போய்விட்டார். இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு தகப்பன் யோசிக்கக்கூடாதா? 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று சொல்லிவிட்டது. என் பிள்ளை உடம்பு, நான்தான் முடிவு செய்வேன்.

காவிரிக்கரை:
யோசிக்கலாம், தாராளமாக. ஆனால் ரத்தம் உறைவது மிக அரிதாக நடக்கிறது என்பதை 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்து முகமை பக்கவிளைவுப் பட்டியலில் சேர்த்து வெளியிட்டுவிட்டது. மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில் வந்ததை, அப்போதுதான் முதல்முறை வெளியானது போலப் பரப்பினார்கள். விவேக் சார் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. மரக்கன்று நட்டே வாழ்ந்த மனிதர். அவர் மரணத்தை ஆராய்ந்த குழு, அதற்கு ஊசி காரணம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. முந்தின நாள் நடந்தது அடுத்த நாள் நடந்ததற்குக் காரணமாகத்தான் இருக்கவேண்டும் என்று மனசு நினைக்கும். என் மனசும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கொரோனா ஊசி பற்றியது. நீங்கள் சொன்ன வரி அதில் இருக்கிறது. மற்றவர்களின் நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகள் வைக்கலாம் என்பதும், பக்கவிளைவு விவரங்களை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற செவிலி:
முப்பத்தொரு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவள். வேப்பமரத்தடி சார், 2017இல் உங்களுக்குச் சொல்லாமல் போட்டது தப்பு. நானும் அந்த முகாமில் இருந்தேன். ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரை, ஒரே மாதத்தில் முடிக்கச் சொல்லி நெருக்கினார்கள். விளக்கிச் சொல்ல நேரம் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் புகுந்தது. பள்ளி வாசலில் அம்மாக்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நான் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து, வந்திருந்த ஏழு பிள்ளைகளுக்குப் போட்டேன். வகுப்பில் நாற்பது பேர்.

ஆனால் சார், வேப்பிலை கட்டினால் இறங்கிவிடும் என்று மட்டும் எழுதாதீர்கள். இறங்கிய பிள்ளைகளைத்தான் உங்கள் ஆத்தா சொல்லியிருப்பார். இறங்காத பிள்ளைகளைப் பற்றி அந்தக் காலத்து வீடுகளில் பேசமாட்டார்கள். எனக்கு மேலே பிறந்த அக்கா ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு இருபது வயதில்தான் தெரியும். மணல்வாரி வந்து, சளி நெஞ்சில் கட்டி, மூன்று வயதில் போனவள். ஊசி வருவதற்கு முன்னால், 1963க்கு முன்னால், உலகத்தில் வருடத்துக்கு 26 லட்சம் பேர் தட்டம்மையில் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பிழைத்தவர்களிலும் கண் போனவர்கள் உண்டு. அதனால்தான் ஒன்பதாம் மாத ஊசியோடு வைட்டமின் ஏ சொட்டும் வாயில் விடுகிறோம்.

மணப்பாறைக்காரன் தம்பி, 'நடக்க ஆரம்பிக்கட்டும்' என்கிறார்கள் இல்லையா, அதற்கும் சொல்கிறேன். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஒன்பது மாதத்துக்குள் கரைந்துவிடும். அது இருக்கும்போது போட்டால் ஊசி சரியாகப் பிடிக்காது, அது போன பிறகு தாமதித்தால் பிள்ளைக்குக் காவலே இல்லை. தட்டம்மை வந்த ஒருவர் இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும்.

வேப்பமரத்தடி:
அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். 2017 பற்றி ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இதுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. லட்சத்தில் ஒன்று என்றாலும் அந்த ஒன்று என் பிள்ளையாக இருந்தால்? திருவள்ளூரில் அந்த நாலு வீட்டுக்கும் கணக்குச் சொல்லி என்ன பயன்?

காவிரிக்கரை:
இந்தக் கேள்விக்கு சமோவாவில் பதில் இருக்கிறது. பசிபிக் கடலில் உள்ள சின்ன நாடு, சுமார் இரண்டு லட்சம் பேர். 2018 ஜூலையில் அங்கே இரண்டு குழந்தைகள் ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. மருந்துத் தூளைக் கரைக்க வேண்டிய தண்ணீருக்குப் பதிலாக, மயக்க மருந்தோடு கொடுக்கிற தசை தளர்த்தும் மருந்தை, அதுவும் காலாவதியானதை, செவிலியர்கள் கலந்துவிட்டார்கள். ஊசி மருந்தில் குற்றம் இல்லை, கை தவறியது. இரண்டு செவிலியர்களும் சிறைக்குப் போனார்கள். ஆனால் தவறு எது என்று தெரிவதற்குள் அரசு ஊசித் திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது. அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வதந்திகள் வந்து குவிந்தன. நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் அங்கே ஒவ்வொரு தாயும் கேட்டாள். முதல் தவணை போட்ட குழந்தைகள் மூன்றில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டார்கள்.

2019 கடைசியில் தட்டம்மை வந்தது. 5,700 பேருக்கும் மேல் நோய். 83 பேர் செத்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். டிசம்பர் 5, 6 இரண்டு நாளும் நாட்டையே மூடி, வீடு வீடாக ஊசி போடப் போனார்கள். ஊசி போடாதவர்கள் இருக்கும் வீடுகள் வாசலில் சிவப்புத் துணி கட்டவேண்டும் என்று உத்தரவு. அதே சமயம் பக்கத்து நாடான டோங்காவிலும் தட்டம்மை நுழைந்தது. அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

அந்த இரண்டு குழந்தைகளுக்காக நானும் அழுவேன். ஆனால் அடுத்து வந்த 83 பேரையும் சேர்த்துத்தான் அழ வேண்டியிருக்கிறது.

கண்ணாடிவளையல்:
இவ்வளவு நாள் வாசித்துவிட்டு மட்டும் போவேன். இன்று எழுதுகிறேன். எல்லோரும் தட்டம்மையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஊசியின் மற்ற பாதி ரூபெல்லா. என் மகன் ரூபெல்லா குழந்தை.

நான் இரண்டு மாதம் முழுகாமல் இருந்தபோது என் நாத்தனார் மகன் லீவுக்கு வந்திருந்தான். அவனுக்கு லேசான காய்ச்சல், முகத்தில் செந்தடிப்பு. வெயிலால் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் அவன் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தான். பத்து நாள் கழித்து எனக்கும் அதே தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டியது. அதுவும் போய்விட்டது. மகன் பிறந்து கண்ணைத் திறந்தபோது கருமணி இருக்கிற இடத்தில் பால் போல வெள்ளை. மூன்று மாதத்தில் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன். காது கேட்கவில்லை என்பது ஒன்றரை வயதில், தீபாவளி அன்று தெரிந்தது. வாசலில் சரவெடி வெடித்துக்கொண்டிருக்க, அவன் என் புடவைத் தலைப்பைச் சப்பிக்கொண்டு தூங்கினான்.

மருத்துவர் பிறகு சொன்னார், 1941இலேயே ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் இப்படி 78 குழந்தைகளைப் பார்த்து, தாய்க்கு வந்த ரூபெல்லாதான் காரணம் என்று கண்டுபிடித்தாராம். நான் கருவுற்ற வருடத்தில் நம் அரசுப் பட்டியலில் ரூபெல்லா ஊசியே கிடையாது. எனக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. நாத்தனார்மேலும் எனக்குக் கோபம் இல்லை, அவளுக்கும் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை.

வேப்பமரத்தடி அண்ணா, உங்கள் பையன் நன்றாக இருக்கட்டும், மனசாரச் சொல்கிறேன். ரூபெல்லா வந்தாலும் அவனுக்கு மூன்று நாளில் போய்விடும். அவன் பக்கத்தில் பஸ்ஸில் உட்காருகிற பெண்ணுக்கு இரண்டாம் மாதமா என்று அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

வேப்பமரத்தடி:
அம்மா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் மகன் நன்றாக இருக்க வேண்டும். நான் எழுதியதில் ஏதாவது உங்களை நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

என் கருத்து முழுதாக மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கேட்காமல் போடக்கூடாது என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். என் பையன் விஷயத்தை வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

காவிரிக்கரை:
கேட்காமல் போடக்கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஒன்று மட்டும் கேட்கிறேன். மணப்பாறைக்காரர் சொன்ன அந்தக் குரல் பதிவு உங்களுக்கும் வந்ததா? வந்திருந்தால், யாருக்காவது அனுப்பினீர்களா? உங்கள் பிள்ளைக்குப் போடுவது பற்றி உங்கள் வீட்டில் முடிவு செய்கிறீர்கள். ஒரு பதிவைத் தட்டி அனுப்பும்போது முகம் தெரியாத முப்பது வீட்டுக்கும் சேர்த்து முடிவு செய்கிறோம். அந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

வேப்பமரத்தடி:
வந்தது. இரண்டு குழுவில் போட்டேன். இப்போது நீக்கப் பார்த்தேன், நாள் கடந்துவிட்டதால் முடியவில்லை. அதன் கீழேயே, இது யார் பேசியது என்று எனக்குத் தெரியாது, சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன்.

மணப்பாறைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கண்ணாடிவளையல் அக்கா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சமோவாவில் நடந்த மாதிரி இங்கே மாற்றிக் கலக்கிவிட்டால்?" என்று கேட்டாள். செவிலி அக்கா, அதை நாங்கள் எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

ஓய்வுபெற்ற செவிலி:
நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். புதன்கிழமை போனதும், குப்பியை உடைக்கும் முன்னால் காட்டச் சொல்லுங்கள். மூடியிலோ கழுத்திலோ ஒரு வட்டம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூடு படாமல் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் அதைவிடக் கறுத்திருந்தாலோ வேண்டாம் என்று சொல்லலாம். குப்பிக்குள் இருப்பது தூள். அதோடு வந்த கரைப்பானைத்தான் ஊற்ற வேண்டும். இரண்டின் பெயரையும் தேதியையும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கரைத்த நேரத்தைக் குப்பிமேல் எழுதியிருக்க வேண்டும். நாலு மணி நேரம் தாண்டினால் அதைப் போடக்கூடாது. வலது கையின் மேல்பக்கம் போடுவார்கள். போட்டதும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

ஒரு வாரம் பத்து நாளில் லேசாகக் காய்ச்சல் வரலாம், சில பிள்ளைகளுக்குத் தடிப்பு வரும், தானாகப் போய்விடும். இதையெல்லாம் கேட்டால் செவிலியர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். என்னிடம் அப்படிக் கேட்ட தாய்மார்கள் மிகக் குறைவு. அவர்களை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன்.

வேப்பமரத்தடி:
அக்கா, என் இரண்டாவது பையனுக்கு நாலே கால் வயது. ஒரு தவணைகூடப் போடவில்லை. ஒருவேளை போடுவது என்றால் இனிமேல் போடுவார்களா?

ஓய்வுபெற்ற செவிலி:
ஐந்து வயது முடியும் வரை அரசு நிலையத்தில் போடுவார்கள் சார். இரண்டு தவணை, நடுவில் குறைந்தது ஒரு மாத இடைவெளி. அட்டை தொலைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, புதிது எழுதித் தருவார்கள். புதன்கிழமை காலையில் போங்கள், வீட்டில் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.