குதிரை ஏறும்போது காலில் என்ன போடுகிறீர்கள்? செட்டிநாட்டுப் பக்கத்து அனுபவங்களைச் சொல்லுங்கள்

செம்மண்சவாரி, காரைக்குடி

நம் பக்கம் குதிரை ஏறப் பழக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, “அண்ணே, இருக்கிற ஸ்போர்ட்ஸ் ஷூ போதாதா?” என்றுதான். போதாது. இதைக் கறாராகவே சொல்வேன். ஸ்போர்ட்ஸ் ஷூவின் அடிப்பாகம் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே மட்டம், குதிகால் என்று தனியாக எடுப்பாக ஒன்றும் இருக்காது, அதனால் குதிரை மிரண்டு சட்டென்று ஒதுங்கினால் கால் ஸ்டிரப்புக்குள் (சேணத்திலிருந்து தொங்குகிற, காலை வைக்கிற வளையம், அங்கவடி) வழுக்கிக் கணுக்கால் வரை போய்விடும். அப்படி உள்ளே போன கால், ஆள் கீழே விழும்போது வெளியே வராது. விழுவதைவிடப் பெரிய ஆபத்து, விழுந்த பிறகு குதிரையோடு இழுபடுவதுதான். ஒரு அங்குல உயரத்துக்குக் குதிகால் இருந்தால் அது ஸ்டிரப்பில் தட்டி நின்றுவிடும். சவாரி பூட்ஸில் குதிகால் வைப்பது இதற்காகத்தான், அழகுக்காக இல்லை.

அப்புறம் அடிப்பாகம். மலையேறுகிற ஷூ கெட்டியாக இருக்கிறதே என்று சிலர் அதைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அதில் ஆழமாக வெட்டிய பள்ளங்கள் ஸ்டிரப்பைக் கவ்விக்கொள்ளும், அவசரத்துக்குக் காலை உருவ முடியாது. ரொம்ப வழவழப்பாக இருந்தாலும் கால் நிற்காது. லேசான வரிகள் மட்டும் இருக்கிற, முன்பக்கம் பெரிதாகப் புடைக்காத ஷூ சரி. இன்னொன்றையும் கவனியுங்கள். ஷூவை இரண்டு கையாலும் பிடித்து நடுவில் மடக்கிப் பாருங்கள். துணி மாதிரி மடங்கினால் வேண்டாம். உடம்பின் எடை உள்ளங்காலின் முன்பகுதி வழியாக ஒரு மெல்லிய கம்பியின்மேல் இறங்குகிறது, அடி மெத்தென்று இருந்தால் அரை மணி நேரத்தில் பாதம் வலிக்க ஆரம்பிக்கும். நல்ல பூட்ஸில் அடித்தோலுக்கு உள்ளே ஒரு இரும்புப் பட்டை வைத்திருப்பார்கள்.

நான் போடுவது ஜோத்பூர் பூட்ஸ், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும், பட்டையும் பக்கிளும் இருக்கும். அதற்கு மேலே கெண்டைக்காலுக்கு ஹாஃப் சாப்ஸ், அதாவது கெண்டைக்காலைச் சுற்றி மாட்டுகிற உறை. முழங்கால் வரை ஏறுகிற நீள பூட்ஸ் போட்டிகளில் போடுகிறவர்களுக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் சித்திரை வெயிலில் நம் ஊரில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கண்மாய்க்கரையைச் சுற்றி வாருங்கள், கழற்றும்போது தெரியும். மற்றவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், முக்கியமாக எது உதவவில்லை என்று.

பள்ளத்தூர்ப்பெண்

சவாரிக்காரி இல்லை நான், ஆனாலும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் உறவில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டி, காலில் சரிகை வேலை செய்த புதுக் காலணி, பின்பக்கம் பிடிப்பே இல்லாமல் செருப்பு மாதிரி நுழைத்துக்கொள்கிற வகை. தெரு முனையில் யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். குதிரை பின்னால் போய்ப் பக்கவாட்டில் துள்ளியது. காலணி ஒன்று கழன்று கீழே விழுந்தது, வெறும் கால் ஸ்டிரப்புக்குள் முழுசாக நுழைந்துகொண்டது. குதிரைக்காரர் கடிவாளத்தை விடாமல் பிடித்துத் தொங்கியதால்தான் பிள்ளை பிழைத்தான். கணுக்காலில் தோல் உரிந்து ரத்தம். அந்தக் காலோடுதான் தாலி கட்டினான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் நானே நின்று சொல்லிவிட்டேன், குதிரைமேல் இருக்கும் வரைக்கும் கருப்புத் தோல் ஷூ, இறங்கியதும் என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும் என்று. பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். போட்டோவில் வேட்டிக்குக் கீழே ஷூ தெரியுமாம். தெரியட்டுமே. குதிகால் உள்ள ஷூ கிடைக்காவிட்டால், குதிரைக்காரர் பிடித்து நடத்திக்கொண்டு போகிற நிதானமான ஊர்வலத்தில், காலை ஸ்டிரப்பில் வைக்காமல் சும்மா தொங்கவிடுவது மேல் என்று அந்தக் குதிரைக்காரரே சொன்னார்.

எல்கைப்பந்தயம்

ஆச்சி சொன்னது சத்தியம். எங்கள் வீட்டில் தலைமுறையாகக் குதிரை வண்டி ஓட்டுகிறோம், பந்தயத்துக்கும் போவோம். ஏறிச் சவாரி செய்கிறவர்கள் ஸ்டிரப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். தரையில் நிற்கும்போது என்ன செய்கிறீர்கள்? குதிரையைத் தேய்த்துவிடும்போதும், லாடம் அடிக்கப் பிடிக்கும்போதும், பூட்டும்போதும்தான் கால் அதிகமாக மிதிபடுகிறது. நானூறு கிலோ எடை உள்ள உயிர், குளம்பில் இரும்பு லாடம், அது வேண்டுமென்று மிதிப்பதில்லை, ஈ கடித்தால் காலை மாற்றி வைக்கும், நம் கால் அங்கே இருக்கும். ரப்பர் செருப்போடு லாயத்துக்குள் வருகிற பையன்களை நான் உள்ளே விடுவதே இல்லை. விரல்களை மூடுகிற கெட்டித் தோல் வேண்டும்.

கருவேல முள்ளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறங்கிக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற இடமெல்லாம் சீமைக்கருவேலம்தான். மெல்லிசான ரப்பர் அடியை அது ஊசி மாதிரி துளைத்துவிடும்.

தேவகோட்டைத்தம்பி

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. ஷூ சரியாக இருந்தாலும் ஸ்டிரப் அதற்குப் பொருந்த வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன இல்லையா, அங்கே என் நண்பன் ஒரு ஜோடி பித்தளை அங்கவடி வாங்கினான். அருமையான வேலைப்பாடு. பழைய வீட்டுச் சாமானாக இருக்கும். அதைச் சேணத்தில் மாட்டிச் சவாரிக்கும் கொண்டுவந்தான். பார்த்தால், அவன் பூட்ஸ் அதற்குள் நுழைகிறது, ஆனால் இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டு இறுக்கமாக நிற்கிறது. எங்கள் பயிற்சியாளர் பார்த்த மாத்திரத்தில் கழற்றச் சொல்லிவிட்டார். பூட்ஸின் அகலமான இடத்தை அளந்து, அதைவிட இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக ஸ்டிரப் இருக்க வேண்டும், பக்கத்துக்கு ஒரு விரல் இடம் என்று வைத்துக்கொள் என்றார். அதைவிடக் குறைந்தால் கால் மாட்டிக்கொள்ளும், ரொம்பக் கூடினால் முழுப் பாதமும் உள்ளே போய்விடும். அந்தப் பித்தளை இப்போது அவன் வீட்டு முகப்பில் தொங்குகிறது, அங்கே அழகாகத்தான் இருக்கிறது.

கானாடுகாத்தான்அம்மா

என் மகள் இப்போதுதான் பழகுகிறாள், எட்டு வயது. வளர்கிற பிள்ளை, ஒவ்வொரு வருஷமும் பூட்ஸ் வாங்க முடியுமா? இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிப் பஞ்சு வைத்துவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். அப்புறம், ஒரு பூட்ஸ் வாங்கிப் போட்டுப் பார்த்தோம், நீளம் சரியாக இருக்கிறது, ஆனால் முன்பக்கம் சுண்டுவிரலை நசுக்குகிறது என்று அழுகிறாள். மழைக்காலத்தில் தோல் பூட்ஸ் பூஞ்சை பிடிக்குமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

செம்மண்சவாரி, காரைக்குடி

அக்கா, பெரிதாக வாங்காதீர்கள். தொளதொளவென்று இருக்கிற ஷூவுக்குள் குதிகால் மேலே எழும்பும், குதிகாலைக் கீழே அழுத்து என்று ஆசிரியர் கத்திக்கொண்டே இருப்பார், பிள்ளையால் முடியாது. கால் கட்டைவிரலுக்கு முன்னால் கைப் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருந்தால் போதும். வளர்ந்த பிள்ளைகளின் பூட்ஸை வாங்கிப் போடுவதில் தப்பே இல்லை, குழந்தைகள் தேய்ப்பதற்குள் அவர்களுக்குக் கால் வளர்ந்துவிடும். குதிகால் சாய்வாகத் தேயாமலும் தையல் விடாமலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சுண்டுவிரல் பிரச்சினை நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் உண்டு. வீட்டில் ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலோடு ஓடி, வெளியே செருப்பு போட்டுப் பழகிய கால் முன்னால் விரிந்திருக்கும். பூட்ஸ் குறுகலாக இருந்தால் சைஸைக் கூட்டாதீர்கள், அகலம் கூடிய வேறு வகையைத் தேடுங்கள். காலையில் போய் வாங்காதீர்கள். வெயிலில் அலைந்த கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பார்த்தால்தான் சரியான அளவு. சவாரிக்குப் போடுகிற அதே முழங்கால் சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். மெல்லிசாக, விரல் பக்கம் தடித்த தையல் இல்லாத சாக்ஸ்தான் நல்லது, குட்டை சாக்ஸ் போட்டால் ஸ்டிரப் வார் கெண்டைக்காலைத் தேய்த்துக் கன்றிவிடும். கடையில் நடந்து பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், ஒரு படியின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்துக் குதிகாலைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். அப்போது கணுக்காலுக்கு முன்னால் தோல் வெட்டுகிறதா என்று கேளுங்கள். குதிரைமேல் கால் நிற்கப்போவது அந்த நிலையில்தான்.

குழந்தைக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒரு பக்கம் இரும்புக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வளையம் மாட்டிய ஸ்டிரப் இருக்கிறது, கால் சிக்கினால் அந்த ரப்பர் கழன்றுகொள்ளும். எடை குறைந்த பிள்ளைகளுக்கு அது ஏற்றது. ரப்பர் எப்போதும் வெளிப்பக்கம் வர வேண்டும், மாட்டுகிறவர்கள் அவசரத்தில் உள்பக்கம் மாட்டிவிடுவார்கள், ஏறுவதற்கு முன் நீங்களே ஒரு தடவை பாருங்கள். லேஸ் உள்ள பூட்ஸ் என்றால் முடிச்சின் வளையத்தை உள்ளே செருகிவிடுங்கள், அதுவும் சிக்கும்.

பூஞ்சைக்கு, ஐப்பசி கார்த்திகையில் நான் பூட்ஸை மூடிய பீரோவில் வைப்பதில்லை. சவாரி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன், குதிரையின் வியர்வையில் உப்பு இருக்கிறது, அப்படியே விட்டால் தோல் வறண்டு வெடிக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, காற்றோட்டமான நிழலில் வைத்தால் போதும். நனைந்துவிட்டதே என்று வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ காய வைத்தால் தோல் விறைத்துப்போகும். நன்றாகக் காய்ந்த பிறகு தோலுக்குப் போடுகிற மெழுகைக் கொஞ்சமாகத் தடவுங்கள், அடிப்பாகத்தில் மட்டும் படக் கூடாது, வழுக்கும்.

எல்கைப்பந்தயம்

தம்பி, செலவு செய்ய முடியாத பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற கருப்புத் தோல் ஷூ கெட்டியாக இருந்தால், செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்துக் குதிகாலில் தோல் அடுக்கு வைத்து ஏற்றிக்கொள்ளலாம். ஒட்டினால் மட்டும் போதாது, ஆணியும் அடிக்கச் சொல்ல வேண்டும், நடுவழியில் பெயர்ந்தால் இருந்தும் பிரயோசனமில்லை. கணுக்காலுக்குப் பாதுகாப்பு இருக்காது, அதனால் நடையும் மெதுவான ட்ராட்டும் (நடைக்கு அடுத்த வேகம்) பழகுகிற வரைக்கும்தான். இங்கே கிடைக்காதவர்கள் அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போகும்போது குதிரைச் சாமான் கடைகளைப் பாருங்கள், கடிவாளம், சேணம் விற்கிறவர்களிடம் கேட்டால் பூட்ஸ் எங்கே கிடைக்கும் என்றாவது சொல்வார்கள்.

கானாடுகாத்தான்அம்மா

ரொம்ப நன்றி தம்பி, ஐயாவுக்கும் நன்றி. படியில் நிற்கவைத்துப் பார்த்தேன், கணுக்காலில் வெட்டவில்லை, முன்பக்கம்தான் இறுக்கம். கடைக்காரர் மாற்றித் தருகிறேன் என்கிறார். அகலமான வகை வந்ததும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ரப்பர் வளைய ஸ்டிரப் எங்கள் பயிற்சி இடத்தில் இல்லை, நாமே வாங்கிக்கொண்டு போனால் மாட்டுவார்களா என்று நாளைக்குக் கேட்கப்போகிறேன்.