ரொட்ரிக்ஸ் கிளைக்கு இருந்த ஒரே வழி

எபென், சிஸ்டம் அட்மின்:

தொலைவிலிருந்து கணினிகளைக் கவனிக்க உதவும் மென்பொருளை அதைச் செய்தவர்களே நிறுத்திவிட்டால் நம் பாடு என்ன ஆகும் என்று போன ஞாயிறு நம் குழுவில் பேசிக்கொண்டோம். என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

மொரீஷியஸுக்கு வந்த புதிதில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் இருந்தேன். கிடங்கு போர்ட் லூயிஸில். கியூர்பிப்பிலும் மஹேபூரிலும் கிளைகள். அங்கே ஏதாவது என்றால் பஸ் ஏறிப் போய்விடலாம். இன்னொரு கிளை ரொட்ரிக்ஸ் தீவில், போர்ட் மத்தூரினில். கடலில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கே ஆறு கணினிகள், மேசைக்கு அடியில் ஒரு சின்ன சர்வர், கணக்கு எழுதும் ஓர் அக்கா. கணினி ஆள் என்று யாரும் கிடையாது.

ரொட்ரிக்ஸுக்குக் கடலடிக் கேபிள் 2019-இல்தான் வந்தது. நான் சொல்வது அதற்கு முந்தைய காலம். எல்லாம் செயற்கைக்கோள் வழி. 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்ப வேண்டும் என்பதால், இங்கே மவுஸை நகர்த்தினால் அரை நொடிக்கு மேல் கழித்துத்தான் அங்கே அம்புக்குறி அசைவது என் திரையில் தெரியும். ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக் காத்திருக்கப் பழகிக்கொண்டேன். இலவசமாகக் கிடைத்த ஒரு கருவியை வைத்தே நாலு வருடம் ஓட்டினேன். அங்குள்ள ஒவ்வொரு கணினியிலும் அதன் சின்ன நிரல் ஒன்று ஓடும். அது தானாகவே வெளியே போய் அந்தக் கருவிக்காரர்களின் சர்வரோடு பேசும். நானும் இங்கிருந்து அதே சர்வருக்குப் போவேன், நடுவில் அவர்கள் இணைத்துவிடுவார்கள். கிளையின் ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வர எதையும் திறந்துவைக்க வேண்டாம். அந்த வசதியில்தான் மயங்கினேன். நடுவில் இருப்பவர் கையை எடுத்துவிட்டால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாம் நன்றாக இருந்தும் வழி இருக்காது என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் கொடியேற்றிய அன்று மின்னஞ்சல் வந்தது. இலவசச் சேவை பத்தாம் நாளோடு முடிகிறதாம். அதாவது காவடி அன்று.

முதலாளியிடம் போனேன். "நேற்று வரைக்கும் சும்மா வந்தது, இன்றைக்கு என்ன காசு?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, நான் அப்படித்தான் பழக்கியிருந்தேன். கருவிக்காரர்கள் காசு கேட்டதையும் தப்பு என்று சொல்லமாட்டேன். சர்வருக்கும் ஆளுக்கும் செலவு இருக்கிறது. என் கோபமெல்லாம் அந்தப் பத்து நாளின் மேல்தான். வேறு கருவிக்கு மாறலாம், சரி. ஆனால் அதைத் தூரத்துக் கணினியில் நிறுவுவதற்கும் இந்தப் பழைய கருவிதானே வேண்டும்? மூடப்போகும் வழியில் போய்த்தான் அடுத்த வழியைப் போட முடியும். அந்தப் பத்து நாளில் எந்தக் கணினி அணைந்து கிடக்கும், யார் லீவில் போவார் என்பதெல்லாம் நம் கையில் இல்லை. மூன்று மாதமாவது கொடுத்திருக்க வேண்டும். இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் இருக்கிறது.

சர்வரையும் நாலு கணினிகளையும் முதல் மூன்று நாளிலேயே மாற்றிவிட்டேன். ஐந்தாவதில் நிறுவும்போது கணினியின் காவல் நிரலான ஃபயர்வால் எதையோ கேட்டது, திரை அப்படியே நின்றது, என் பட்டியலில் அதன் பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது. கணினியை அணைத்துப் போடச் சொல்லி போன் செய்தேன். "லி பா பே மார்சே, மிஸ்யே" என்றார் அக்கா. இங்கே பேசும் கிரியோல் மொழியில் வேலை செய்யவில்லை ஐயா என்று அர்த்தம். ஆனால் புதுக் கருவி அதற்குள் நிறுவப்பட்டுத்தான் இருந்தது. அது திரையில் ஒன்பது இலக்க எண் ஒன்றைக் காட்டும், அதைப் படியுங்கள் என்றேன். அவர் பிரெஞ்சில் இரண்டிரண்டு இலக்கமாகப் படித்தார். பிரெஞ்சில் 79-ஐ அறுபது, பத்தொன்பது என்றுதான் சொல்வார்கள். நான் 60 அடித்து 19-உம் அடித்தேன். 92 வந்தது. அது நாலு, இருபது, பன்னிரண்டு. அதையும் அப்படியே அடித்தேன். ஒன்பது இலக்கம் என் திரையில் பதினாலாக நீண்டு நின்றது. மூன்றாவது தடவைதான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொன்னேன். இணைப்பு விழுந்தது. "லி பே மார்சே!" என்றார். நடுவிலிருந்த அந்த "பா" போனதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆறாவது கணினி லீவில் போனவருடையது, பூட்டிய அறையில் அணைந்து கிடந்தது. காவடி அன்று கோர் தெ கார்ட் மலை முருகன் கோயில் படிக்கட்டில் நின்றுகொண்டும் போனை எடுத்துப் பார்த்தேன். புள்ளி சாம்பலாகவே இருந்தது. அடுத்த வாரம் அந்த ஒரு கணினிக்காக விமானம் ஏறினேன்.

காத்ர் போர்ன், ஹோட்டல் ஐடி:

அண்ணே, படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சில கருவிகளை உடனே நிறுத்துவதுதான் நியாயம். பல சர்வர்களின் ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது தூரத்துத் திரையை, ஒரே ஜன்னலில் வைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்டின் ஆர்டிசிமேன் இருந்ததே, அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிந்ததும் 2020 மார்ச்சில் விலக்கிக்கொண்டார்கள். சர்வர் பட்டியலை வைத்திருக்கும் கோப்பை யாராவது வேண்டுமென்றே கெடுத்து அனுப்பி, நாம் அதைத் திறந்தால், நம் கணினியில் உள்ளதைப் படித்துவிட முடியும் என்ற நிலை. ஒரு அட்மினின் கணினியில் அப்படி ஒரு ஓட்டை இருந்தால் அவர் பார்த்துக்கொள்ளும் எல்லாக் கணினிக்கும் ஆபத்து. 2021 ஜூனில் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பு வழியாக அது மறுபடி வந்தது. அப்படி வந்தது அபூர்வம், அதை மறுக்கவில்லை. எதற்காக நிறுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கோபப்படலாம் என்பதுதான் என் கட்சி.

போர்ட் லூயிஸ், கணக்குத் தணிக்கை அலுவலகம்:

சகோதரர் சொன்னது சரிதான், ஆனால் எப்போது நிறுத்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நமக்குப் புயல் பருவம் நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை. 2024 ஜனவரி 15 பெலால் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை வெள்ளம் இழுத்துப் போனது. எங்கள் சர்வர் அறை தரைத்தளத்தில். நான் வீட்டில், மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே லேப்டாப்பில் ஒவ்வொரு டேட்டாபேஸாக முறைப்படி மூடி, கடைசியில் சர்வரை அணைத்தேன். தண்ணீர் அறைக்குள் கணுக்கால் அளவு வந்தது. சர்வர் பிழைத்தது. அதற்கு உதவிய அந்தக் கருவிக்கும் முடிவுத் தேதி வந்தது, அதுவும் ஒரு பிப்ரவரி மாதத்தில். வேறு நாட்டில் உட்கார்ந்து தேதி குறிப்பவருக்கு இங்கே மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை ஏறினால் யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது என்று எங்கே தெரியப்போகிறது?

ரோஸ் ஹில், பள்ளிகளுக்குச் சேவை:

எனக்கு நடந்தது சின்ன விஷயம். 2025 மே 27-உடன் விண்டோஸ் ஸ்டோரில் கிடைத்த ரிமோட் டெஸ்க்டாப் செயலிக்கு ஆதரவு முடிந்தது, அதற்குப் பதில் விண்டோஸ் ஆப் என்று அறிவித்தார்கள். அந்த வாரம் எனக்கு இருபது போன். "ரிமோட் டெஸ்க்டாப்பே போகிறதாம்!" என்று. போனது ஸ்டோர் செயலி மட்டும்தான், விண்டோஸோடு கூடவே வரும் பழைய ரிமோட் டெஸ்க்டாப் நிரலான எம்எஸ்டிஎஸ்சி அப்படியே இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். பயத்தில் ஒரு பள்ளியில் ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசலாகிய 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடச் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். 2019-இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோது எத்தனை பேர் தூக்கம் இழந்தோம்.

இன்னொன்று. தூரத்துத் திரையைக் காட்டும் இன்னொரு கருவியான விஎன்சி எப்படித் தப்பித்தது தெரியுமா? கேம்பிரிட்ஜில் அது பிறந்த ஆய்வகத்தையே 2002-இல் மூடிவிட்டார்கள். ஆனால் மூல நிரல், யாரும் எடுத்து மாற்றலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் வெளியே இருந்தது. டைட்விஎன்சி, அல்ட்ராவிஎன்சி என்று வேறு ஆட்கள் எடுத்து வளர்த்தார்கள். இன்றும் நான் அதை வயர்கார்ட் என்ற விபிஎன்னுக்குள், அதாவது இணையத்துக்குள் பூட்டிய ஒரு தனி வழிக்குள், வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

எபென், சிஸ்டம் அட்மின்:

எல்லோருக்கும் நன்றி. காத்ர் போர்ன் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், பாதுகாப்பு என்றால் ஒரே நாளில் நிறுத்தட்டும். என் வழக்கில் அப்படி எதுவும் இல்லை.

இப்போது எப்படி வைத்திருக்கிறேன் என்று தனிச் செய்தியில் கேட்டீர்கள். மெஷ்சென்ட்ரல் என்ற திறந்த மூலக் கருவியை எங்கள் சொந்த சர்வரில் போட்டிருக்கிறேன். நடுவில் இருப்பது இப்போது நாங்களே. அதைப் புதுப்பிப்பதும் காவல் காப்பதும் என் தலையில்தான், அந்த வேலை லேசு இல்லை. அது படுத்துவிட்டால் தனியாக ஒரு விபிஎன் வழி. இரண்டையும் மாதம் ஒரு தடவை மாற்றி மாற்றிப் போய்ப் பார்க்கிறேன். அப்புறம் போர்ட் மத்தூரினில் சர்வருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தப் பெட்டியை எப்போது அணைத்துப் போட வேண்டும், எந்த எண்ணைப் படிக்க வேண்டும் என்று எழுதியது. அந்த அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் தாளின் மேல் வரி அவர் கையெழுத்தில் பெரிதாக இருக்கிறது: "என் பார் என்". கிரியோலில் ஒவ்வொன்றாக என்று பொருள். புதிதாக வந்த பையன் முதல் நாள் போன் செய்தபோது, நான் கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு எண்ணாகத்தான் படித்தான்.