சிட்ரிக் ஆசிட்–கிளிசரின் கிளைப் பாலிமர் ஃபிளாஸ்க்கிலேயே இறுகிப் போகுது

அஸ்தம்பட்டி:
குச்சிக்கிழங்கு ஸ்டார்ச்சில் ஃபிலிம் போடுறோம். வெறும் கிளிசரின் கலந்தால் மழைநாளில் பிசுபிசுக்குது. அதுக்குப் பதிலா, கிளை அதிகமுள்ள பாலியெஸ்டர் (அமிலமும் ஹைட்ராக்சிலும் எஸ்டர் பிணைப்பில் கோர்த்த பாலிமர்) செஞ்சு கலக்கப் பார்த்தோம். சிட்ரிக் மோனோஹைட்ரேட் 105 கிராம், கிளிசரின் 46 கிராம், 150 டிகிரி. கொஞ்ச நேரத்தில் ஸ்டிரர் தண்டில் சுற்றி ஏறி ரப்பர் மாதிரி ஆகிடுச்சு. எத்தனாலில் ஊறி உப்புது, கரையல. சூடு அதிகமா?

சூரமங்கலம்:
சூடு வேகப்படுத்துச்சு, அவ்வளவுதான். தப்பு அளவில். சிட்ரிக்கில் 3 அமில முனை, கிளிசரினில் 3 ஹைட்ராக்சில். உங்களை மாதிரி 1:1 மோலில் (மூலக்கூறு எண்ணிக்கை சமமா) போட்டால், கிளைப் பாலிமர் எப்ப இறுகும்னு சொல்ற ஃப்ளோரி–ஸ்டாக்மேயர் கணக்குப்படி அமிலத்தில் பாதி வினைபுரிஞ்சதுமே ஜெல், அதாவது எல்லாம் ஒரே வலையா கோர்த்து இறுகிடும். (சிட்ரிக்கின் நடு ஹைட்ராக்சில் மந்தம், கணக்கில் சேர்க்கல.) 1:2 வச்சால் 71% வரை தாங்கும். 1:4-ல் ஜெல்லே வராது, ஆனா கிளிசரின் நிறைய மிஞ்சி பழைய பிசுபிசுப்புக்கே போயிடுவீங்க.

அதனால 105-க்கு 92 கிராம் கிளிசரின், 130 டிகிரி, நைட்ரஜன் மெதுவா. அமிலத்தில் 60% வினைபுரிஞ்சதும் நிறுத்துங்க, அப்ப ஆசிட் வேல்யூ (1 கிராமில் மிச்சமுள்ள அமிலத்தைச் சமன் செய்யத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது கேஓஎச், மில்லிகிராமில்) 200 பக்கம் இருக்கும். அதை அளக்க, 0.5 கிராம் சாம்பிளை எத்தனாலில் கரைச்சு ஆறவிட்டு, நிறம் காட்ட பினாப்தலீன் போட்டு, 0.1 நார்மல் கேஓஎச் சொட்டுச் சொட்டா விடுங்க. 18 மில்லி கிட்ட இளஞ்சிவப்பு வந்து அரை நிமிஷம் நின்னால் போதும். அப்புறம் நிறம் மெல்ல மங்கினால் எஸ்டர் உடையுதுன்னு அர்த்தம், மேல மேல கேஓஎச் விட்டுத் துரத்தாதீங்க. ஆசிட் வேல்யூ 230-க்குக் கீழே வந்ததும் 5 நிமிஷத்துக்கு ஒரு சாம்பிள். வடிஞ்ச தண்ணியை மட்டும் நம்பாதீங்க. வடியுற 25 மில்லியில் 9 மில்லி சிட்ரிக் மோனோஹைட்ரேட்டிலேயே இருந்த படிகத் தண்ணி, வினையில் வந்தது இல்ல. நிறுத்தினதும் ஸ்டீல் தட்டில் மெல்லிசா ஊத்திடுங்க. ஃபிளாஸ்க்கில் விட்டால் உள்சூட்டிலேயே ஓடிட்டிருக்கும்.

ஆத்தூர்:
ஃபிலிம் பக்கம்: ஸ்டார்ச் 5 கிராம், காய்ச்சி வடிச்ச தண்ணி 100 மில்லி. போர் தண்ணி வேண்டாம், கால்சியம் அமில முனையைப் பிடிச்சுக்கும். மில்லில் வாங்கின மாவுன்னா முதலில் கரைச்சு பிஎச் பாருங்க. அமிலமா இருந்தால் ரெண்டு தடவை அலசுங்க. 85 டிகிரியில் 20 நிமிஷம் கிளறி, கஞ்சி கண்ணாடி மாதிரி ஆனதும் 50-க்கு ஆறவிட்டு, பிறகு ரெசின் (மேலே செஞ்ச பாலியெஸ்டர்) 1.5 கிராம். அதுக்கு முன்னாடி ரெசினை 10 மில்லி வெந்நீரில் கரைச்சு, சோடா உப்பு போட்டு பிஎச் 5-க்குக் கொண்டுவரணும். கொதிக்கிற கஞ்சியில் அப்படியே கொட்டினால் அமிலம் ஸ்டார்ச் சங்கிலியை அறுத்துடும். கஞ்சி திடீர்னு தண்ணியாகும், ஃபிலிம் உரிக்கும்போதே உடையும்.

கோரிமேடு:
அறிக்கையில் 'ஹைப்பர்பிராஞ்ச்டு' (கிளை மிக அதிகமுள்ளது)ன்னு எழுதுறதுக்கு முன்னாடி கிளை அளவை அளந்துடுங்க. ஃப்ளோரி 1952-ல் சொன்னது ஏபி2 மோனோமர், அதாவது ஒரே மூலக்கூறில் ஒரு வகை முனை ஒண்ணு, அதோடு வினைபுரியும் மறுவகை முனை ரெண்டு. அதில் ஜெல்லே வராது. உங்களுடையது ஏ3+பி3 (மூணு மூணு முனையுள்ள ரெண்டு தனி மூலக்கூறு), பாதியில் நிறுத்தின கலவை. கார்பன்-13 என்எம்ஆரில் (கார்பன் அணுக்களின் சூழலைக் காட்டும் காந்தப்புல சோதனை) முனை, நேர், கிளை அலகுகளைப் பிரிச்சு, (கிளை+முனை)/மொத்தம் போடுங்க. ஜிபிசி (மூலக்கூறை அதன் பருமனை வச்சுப் பிரிக்கும் சோதனை) மூலக்கூறு எடையைக் குறைச்சுக் காட்டும். நேர்ச்சங்கிலி ஸ்டாண்டர்டை விட கிளைச்சங்கிலி சுருண்டு சின்னதா இருக்கும். ஸ்டார்ச்சில் பெரும்பங்கான அமைலோபெக்டினும் கிளைப் பாலிமர்தான், அதன் சிக்னலோடு குழப்பிக்காதீங்க. ரெசினைத் தனியா ஓட்டுங்க.

அஸ்தம்பட்டி:
நன்றி. இறுகின ஃபிளாஸ்க்கை என்ன செய்ய?

சூரமங்கலம்:
சுரண்டாதீங்க. 5% காஸ்டிக் சோடா வெதுவெதுப்பா ஊத்தி ராத்திரி வைங்க, எஸ்டர் உடைஞ்சு கரைஞ்சிடும். கிளவுஸ், கண்ணாடி போட்டுக்குங்க. மூடி சொருகி வைக்காதீங்க, ஜாயிண்ட் ஒட்டிக்கும்.