கஷ்டம் வந்ததும் இயேசுவைத் தேடுவது விசுவாசமா, பேரமா?

கேள்வியன்:
நோய், கடன், பிரிவு என்று தவிப்பவரிடம் ‘இயேசுவிடம் வா, எல்லாம் மாறிவிடும்’ என்று சொல்வதை நான் எதிர்க்கிறேன். அப்படி வருபவர் தேடுவது தீர்வை, அவரை அல்ல. அப்பம் சாப்பிட்டுத் திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று யோவான் 6:26-ல் இயேசுவே கண்டிக்கிறார். லூக்கா 8:13-ல், விதைக்கிறவன் உவமையில் வரும் கற்பாறை நிலமும் இதுதான்: சந்தோஷமாக ஏற்பார்கள், வேர் இருக்காது, சோதனை வந்ததும் பின்வாங்குவார்கள்.

பெத்தானியா:
சுவிசேஷங்களில் அவரைத் தேடி வந்தவர்களைப் பாருங்கள். யவீரு என்பவன் தன் மகள் சாகக் கிடக்கும்போது வந்தான். 12 வருஷம் பெரும்பாடுள்ள (தீராத இரத்தப்போக்குள்ள) பெண் வைத்தியர்களிடம் இருந்ததையெல்லாம் செலவழித்த பிறகு வந்தாள். மாற்கு 9:24-ல் ஒரு தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கதறுகிறான். அந்த அரைகுறை விசுவாசத்துக்கே மகன் சுகமானான். தேவையோடு வந்தார்கள் என்பதற்காக இவர்களில் யாரையும் அவர் ஒதுக்கவில்லை.

கேள்வியன்:
லூக்கா 17-ல் இயேசுவால் சுகமான குஷ்டரோகிகள் 10 பேரில் நன்றி சொல்லத் திரும்பி வந்தது ஒரு சமாரியன் மட்டும். மற்ற 9 பேர்?

பெத்தானியா:
‘ஒன்பதுபேர் எங்கே’ என்று கேட்டார். அவர்கள் பெற்ற சுகத்தைத் திரும்பப் பறித்ததாக லூக்கா எழுதவில்லையே.

ஆலோசகர்:
இருவரும் நோக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆள் கெட்டுப்போவது பெரும்பாலும் வந்த பிறகு, முதல் சில வாரங்களில். மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது ஜெபம். சங்கீதம் 13-ல் 6 வசனங்கள்தான். 1, 2 முறையீடு. ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. புதிதாக வருபவரை நேரே ஐந்தாம் வசனத்துக்கு இழுத்துப்போய் ‘துதி, ஸ்தோத்திரம் பண்ணு’ என்கிறோம். சொல்லாத துக்கம் உள்ளேயே கிடந்து, ‘எனக்கு விசுவாசம் போதவில்லை’ என்ற குற்ற உணர்வாக மாறிவிடுகிறது. முதல் இரண்டு வசனங்களிலேயே பல நாள் நின்றாலும் தவறில்லை. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வரி எதுவும் இல்லாமலே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது மருந்து. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஜெபித்தாயிற்று என்று முதல் வகை சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரலாம். அதைப் ‘பிசாசின் போராட்டம்’ என்று தவறாகப் புரிந்துகொள்வார்கள். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுக்கச் சொன்னவர் பவுல். தற்கொலை எண்ணம் இருந்தால் ஆளைத் தனியே விடாதீர்கள்; ஜெபித்துக்கொண்டே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.

மூன்றாவது பொருத்தனை. ‘இது நடந்தால் இவ்வளவு தருகிறேன்’ என்பதைப் பதற்றத்தில் சொல்லக்கூடாது. நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. காணிக்கை தந்தால் அற்புதம் நடக்கும் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வியன்:
இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஞானஸ்நானத்தையாவது தள்ளிவையுங்கள் என்கிறேன். ஆதிச் சபைத் தலைவர்களில் ஒருவரான இப்போலித்துவின் பெயரில் வழங்கும் பழைய சபை ஒழுங்கு, ஞானஸ்நானத்துக்கு முன் 3 வருஷம் போதனை கேட்கச் சொல்கிறது.

பெத்தானியா:
அப்போஸ்தலர் 16-ல் பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன் பட்டயத்தை உருவித் தன்னைக் கொலைசெய்யப் போனவன். அந்த இரவிலேயே ஞானஸ்நானம் பெற்றான். அதைவிடப் பெரிய நெருக்கடி வேண்டுமா?

கேள்வியன்:
32-ஆம் வசனத்தைத் தாண்டிவிட்டீர்கள். முதலில் பவுலும் சீலாவும் அவனுக்கும் வீட்டிலிருந்த எல்லாருக்கும் போதித்தார்கள். தனி ஆளாக அவன் நிற்கவில்லை. குடும்பமே கூட வந்தது. இன்று கூட்டத்தில் இயேசுவை ஏற்பதாகக் கை உயர்த்தியவர், வீட்டில் யாருக்கும் தெரியாமல் தனியே நிற்கிறார். வேர் பிடிக்காமல் போவது அங்கேதான்.

பெத்தானியா:
அப்படியானால் கூட நிற்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள், வாசலை மூடாதீர்கள். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம். தினம் ஒன்றாக யாராவது அவரோடு உட்கார்ந்து வாசிக்கலாம். வருகிறவர் கேட்டது கிடைக்காமலும் போகலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பவுல் மூன்று முறை வேண்டியும், ‘மாம்சத்திலே ஒரு முள்’ என்று அவர் சொன்ன வேதனை நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது.

கேள்வியன்:
முதல் நாளே அதைச் சொல்லும் சபை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஞானஸ்நானத்தில் மட்டும் அவசரம் வேண்டாம் என்பதில் மாறமாட்டேன்.