புதுப்பிப்பு: சதுரமும் செவ்வகம்தான்னு அஞ்சாம் கிளாஸ் பசங்களுக்கு புரிஞ்சிடுச்சு, கன அளவும் சரியாச்சு

சதுரத்தை செவ்வகம்னு பசங்க ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க, 4×3×2 கனச்செவ்வக (பெட்டி வடிவ) படத்தை காட்டி கன அளவு கேட்டா 24க்கு பதிலா 26னு சொல்றாங்கன்னு கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

வேலை செஞ்சது, உருவத்தோட பேரையே சொல்லாம கேள்வி மட்டும் கேளுங்கன்னு ஒருத்தர் சொன்னது. அட்டையில வெட்டின நாற்கரங்களை கலந்து குடுத்துட்டு, தரையில ரெண்டு நூல் வளையம், ஒண்ணுல நாலு கோணமும் 90 டிகிரி, இன்னொண்ணுல நாலு பக்கமும் சமம், அவ்வளவுதான். சதுரம் எங்க போகும்னு ஒரே சண்டை, கடைசில ஒரு பொண்ணு ரெண்டு வளையத்தையும் கொஞ்சம் ஒண்ணு மேல ஒண்ணு இழுத்து நடுவுல சதுரத்தை வச்சிட்டு "இது செவ்வகமும்தான், சாய்சதுரமும்தான் மிஸ்"னா. அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு!

எதிர்பார்க்காதது ஒண்ணு: அதே சதுரத்தை 45 டிகிரி திருப்பி வச்சா நிறைய பேர் டைமண்டுங்கறாங்க. அதனால உருவங்களை எப்பவும் விதவிதமா திருப்பியே காட்டுங்க.

அந்த 26 எங்கேருந்து வந்துச்சுன்னா, படத்துல வெளிய தெரியற கட்டத்தை எல்லாம் எண்ணியிருக்காங்க, மேல 12, முன்னாடி 8, பக்கத்துல 6. இதுக்கு அடுக்கு முறைதான் மருந்து, காலி பெட்டியில 1 செமீ கட்டைகளை அடியில ஒரு அடுக்கு மட்டும் நிரப்ப சொன்னேன், 12, எத்தனை அடுக்கு ஏறும்னு கேட்டேன், 2, உடனே 24னு அவங்களே சொல்லிட்டாங்க. நீளம் × அகலம் × உயரம்ங்கற ஃபார்முலாவை அதுக்கப்புறம்தான் போர்டுல எழுதினேன்.