மாமாவின் மலை நோட்டு

குழு: பினாங்கு குடும்பம்

[8:12] தினேஷ்: மாமா, வர்ற சனிக்கிழமை நண்பர்களோடு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் கூடாரம் போடப் போகிறோம். உங்கள் மலை நோட்டில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்களேன்.

[8:21] மாமா: 📷 கையெழுத்து புரியாவிட்டால் இதைப் படி:
"தெலுக் பஹாங் பூங்கா வாயில் 8.15. இரவு மழை, வேரெல்லாம் வழுக்கல். ஏற்றத்தில் காற்றே இல்லை. கடற்கரை 9.50. ஏரியில் தண்ணீர் இருக்கிறது. குடிதண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், மலருக்குப் போதவில்லை. அடுத்த முறை இரண்டு. குரங்கு ரொட்டிப் பையைத் தூக்கிவிட்டது."

[8:24] மலர் அத்தை: அந்த ஏரியை அவசியம் பாருங்கள் தினேஷ். மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர், இரண்டும் கலக்காது. மழையில்லாத மாதத்தில் வற்றிவிடும். நீ போகிற அன்று எப்படி இருந்தது என்று தேதியோடு எழுதி வை.

[8:26] கவிதா: ஃபோனில் ஸ்ட்ராவா செயலியிலேயே எல்லாம் பதிவாகிவிடுமே மாமா. கையால் வேறு எழுத வேண்டுமா?

[8:33] மாமா: நானும் ஸ்ட்ராவா போடுகிறேன் மா. தூரம், நேரம் எல்லாம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஓர் இடத்தில் 20 நிமிடம் நின்றது தெரியும், ஏன் நின்றோம் என்று தெரியாது. மரம் விழுந்து வழி மூடியதா, அட்டை கடித்ததா, அத்தை பறவை பார்த்துக்கொண்டு நின்றாளா? அடுத்து போகிறவருக்கு அதுதான் வேண்டும்.

[8:37] மாமா: இன்னொன்று. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறுகிற 600 மீட்டருக்கு இன்னொரு மணி. தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஜீப் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர், ஏற்றம் 700 மீட்டர். அப்படிப் பார்த்தால் 2 மணி 10 நிமிடம். நம் வெயிலில், புழுக்கத்தில், பிள்ளைகளோடு போனால் மூன்று மணிக்கு மேல் ஆகிறது. நம் குடும்பத்தின் வேகம் இந்த நோட்டில்தான் இருக்கிறது. இருட்டுவதற்குள் இறங்க எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

[8:39] தினேஷ்: வீட்டுக்கு வந்து எழுதினால் போதுமா?

[8:45] மாமா: வேண்டாம் பா. குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது பாதி மறந்துவிடும். நிற்கும் இடத்திலேயே ஒரு வரி. பென்சில் கொண்டு போ, மழை பட்டாலும் எழுத்து கலையாது. சட்டைப் பைக்குள் அடங்கும் நோட்டு, அதற்கு ஒரு ஜிப் பை.
கூடாரம் போட்டால் இரவுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கு. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, மழைத் தண்ணீர் எங்கே தேங்கியது, அலை எதுவரை ஏறியது. மணலில் காய்ந்த பாசியும் குச்சியும் கோடு போல ஒதுங்கியிருக்கும். அதற்கு நன்றாக மேலே தள்ளிக் கூடாரம் போடு. கோட்டிலிருந்து எத்தனை எட்டு என்று அளந்து எழுது.

[8:48] மலர் அத்தை: ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை பச்சை ஆமை முட்டையிட வரும். இரவில் டார்ச்சைக் கடல் பக்கம் அடிக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் கரையேறாமல் திரும்பிவிடும். சுவடு பார்த்தால் மிதிக்காமல் காலையில் வரைந்து வை.

[8:50] அம்மா: அண்ணே, அனுமதி எல்லாம் வாங்க வேண்டுமா?

[8:52] மாமா: ஆமாம் மா. முகாமுக்குத் தேசியப் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். தினேஷ், நாளைக்கே கூப்பிட்டுக் கேள். அப்புறம் நோட்டின் முதல் பக்கத்தில் யார் யார், எந்தப் பாதை, எப்போது திரும்புவது என்று எழுதி இங்கே போடு. தாமதமானால் எங்கே தேடுவது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

[9:10] தினேஷ்: 📷 எழுதிவிட்டேன். நான்கு பேர். நடந்து போய், ஞாயிறு படகில் திரும்புகிறோம். பகல் 1 மணிக்குத் தெலுக் பஹாங் படகுத்துறை.

[9:11] அம்மா: 2 மணிக்குள் செய்தி வரவில்லை என்றால் நான் அலுவலகத்தைக் கூப்பிட்டுவிடுவேன்.

[9:12] தினேஷ்: சரி மா. அதையும் எழுதிக்கொள்கிறேன்.