ஈரல் தழும்பு: பயாப்ஸி இல்லாமல் எப்படி உறுதிப்படுத்துவது?

58 வயதான என் தந்தைக்கு மூன்று மாதங்களுக்கு முன் ஹெபடைடிஸ் சி உறுதியானது. இரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை எடுத்துக்கொள்வதால் மருத்துவர் பயாப்ஸியை (ஈரலிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) தவிர்த்துவிட்டார். ஆனால் மற்ற சோதனைகளால் தழும்பின் அளவு தெளிவாகவில்லை.

ஈரல் நொதிகளான ஏ.எஸ்.டி. 96, ஏ.எல்.டி. 121; இரத்தத் தட்டணுக்கள் 1,68,000. இவற்றையும் வயதையும் கொண்டு கணக்கிட்ட, தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 மதிப்பு 3.01; அதாவது 1.45-க்கும் 3.25-க்கும் இடைப்பட்ட, எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாத பகுதி. ஏ.எஸ்.டி.யையும் தட்டணுக்களையும் மட்டும் கொண்டு கணிக்கும் ஏப்ரி மதிப்பும் 1.43 என்று அதே இழுபறியில் நிற்கிறது. ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 13.1 கிலோபாஸ்கல் காட்டியது. சிரோசிஸுக்கு (தழும்பு முற்றிய நிலை) வழக்கமாகக் கொள்ளும் எல்லை 12.5. எனினும் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் அது எடுக்கப்பட்டது (வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை). அளவீடுகளின் சிதறலும் 30 சதவீதத்தைத் தாண்டி 34 ஆக இருந்தது. உணவும் ஈரல் அழற்சியும் விறைப்பை மிகையாகக் காட்டக்கூடியவை. அல்ட்ராசவுண்டில் மண்ணீரல் வீக்கமோ வயிற்றில் நீரோ இல்லை. சோர்வைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

சிரோசிஸ் என்றால் வைரஸ் நீங்கிய பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க் கண்காணிப்பு தேவை. சிகிச்சைக்குப் பின் விறைப்பு குறைந்துவிடுவதால், அப்போது எடுக்கும் அளவை வைத்து இதை முடிவுசெய்ய இயலாது.

மருந்து தொடங்குமுன் வெறும் வயிற்றில் மறு ஸ்கேன் எடுக்க வற்புறுத்தலாமா, அல்லது சிரோசிஸ் என்றே கொண்டு தொடங்கிவிடுவது முறையா?